காலி டேங்க்

வேப்பனப்பள்ளி சாலையில் பதினோராவது வீட்டை முடித்தபோது
தொடையில் ஈரம்.
வியர்வை என்றுதான் நினைத்தேன்,
சித்திரை வெயில் வேறு.
முகர்ந்து பார்த்துவிட்டு
வாயிலிருந்த சிகரெட்டை எறிந்தேன்,
நல்லவேளை, பற்றவைக்காதது.

பெட்டிக்கடையில் பத்து ரூபாய் பார் சோப்பு வாங்கி
டேங்கின் அடியில் விரலால் தேடித் தேடி அப்பினேன்.
சோப்பு பெட்ரோலைக் கொஞ்ச நேரம் நிறுத்தும்.
இதை எனக்குச் சொன்னவன்
மூன்று தவணை பாக்கி வைத்துவிட்டு
ஓசூருக்குப் போய்விட்டான்.

கிருஷ்ணகிரியில் டேங்கில் நெருப்பு வைக்கச் சம்மதிக்கிறவர்
ஒருத்தர்தானாம்.
கேட்ட மூன்று பட்டறையிலும் கை நீண்ட திசை ஒன்றே:
ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே, திம்மராயன்.
என் நோட்டில் நாற்பத்தேழாம் பக்கம்.
சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் வாங்கிய கடன்.
ஒன்பது வாரமாய் 'வீட்டில் ஆள் இல்லை'.

ஆள் இருந்தார்.
என்னைப் பார்த்தார். பிறகு டேங்கை.
டேங்கைத்தான் நெடுநேரம் பார்த்தார்.

கழற்றினார். மிச்சப் பெட்ரோலைப் பெயின்ட் டப்பாவில் வடித்து
ரோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்தார்.
சோப்புத்தூள் போட்டு மூன்று தரம் அலசினார்.
கருங்கல் சில்லு ஒரு பிடி உள்ளே போட்டு
"குலுக்குங்க" என்று என்னிடமே கொடுத்தார்.
குலுக்கினேன்.
வசூல் பை தோளில் ஆட, ஆட,
அரைமணி நேரம்.
துரு, டீ மாதிரி இறங்கியது.

டேங்கின் வாயில் மூக்கை வைத்தார்.
"இன்னும் இருக்குது."
மறுபடி தண்ணீர். மறுபடி மூக்கு.
"இருக்குது."
"அதான் காலி ஆயிடுச்சே?"
"நெறஞ்ச டேங்க் எரியும்ங்க.
காலி டேங்க்தான் வெடிக்கும்."

மூடிக்கடியில் சைக்கிள் டியூப் துண்டு வைத்து இறுக்கி
குப்புறக் கவிழ்த்து
விரிசலுக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பினார்.
விரிசல் என் கட்டைவிரல் நீளம்கூட இல்லை.
அதன் இரண்டு முனையிலும்
கையால் சுற்றும் துளைப்பானை வைத்து
கடுகளவு ஓட்டை போட்டார்.
"அடைக்கக் கொடுத்தா ஓட்டை போடறீங்க?"
"கூரா இருந்தா ஓடிக்கிட்டே இருக்கும்.
வட்டத்துக்கு வந்துட்டா எங்க போறதுன்னு தெரியாம நின்னுக்கும்."

வெண்காரம் தூவி, பித்தளைக் கம்பியை எடுத்தபின்
"தள்ளி நில்லுங்க" என்றார்.
எவ்வளவு தள்ளி என்று சொல்லவில்லை.
மூன்று தூண் தள்ளிப் போனேன்.
அவர் மட்டும் அங்கே, குனிந்து,
நீல நாக்கைத் தகரத்தில் வைத்தபடி.
ஏதாவது ஆகிவிட்டால்
பதினோராயிரத்து இருநூறு யார் பேரில் ஏறும் என்று
ஒரு நொடி கணக்குப் போட்டேன்.
இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

வெடிக்கவில்லை.
சாம்பல் தகரத்தில் மஞ்சளாய் ஒரு பூரான்
படுத்துக் கிடந்தது.
ஊதி, நுரை தடவிப் பார்த்தார்.
ஒரே ஒரு குமிழ் வந்தது.
அதைத் திட்டினார், தெலுங்கில்.
மறுபடி சூடு. குமிழ் இல்லை.

"எவ்வளவு?"
"முந்நூத்தம்பது."
கொடுத்தேன். எண்ணினார். சட்டைப்பையில் வைத்தார்.
நோட்டை எடுப்பதா வேண்டாமா என்று நான் நிற்க,
டேங்கைத் துடைத்தபடி அவரே சொன்னார்:
"இப்பவே பெயின்ட் அடிச்சிடாதீங்க.
நாலு நாள் ஓட்டிப் பாருங்க.
வெள்ளிக்கிழமை வாங்க."
பெயின்டுக்கா தவணைக்கா
என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்தேழாம் பக்கம், பத்தாவது வாரம்:
'வீட்டில் ஆள் இல்லை.'
என் கையெழுத்துதான்.
விரல் பட்ட இடத்தில் மை கலங்கியது.

குருபரப்பள்ளியில் அடுத்த வீடு.
கதவு சாத்தியிருந்தது, உள்ளே டிவி சத்தம்.
தட்டப்போன கையை
மூக்கருகே கொண்டுவந்தேன்.

இன்னும் இருந்தது.